மேகத் தரவுத்தளத்துக்கு மறையாக்க இணைப்பு: போஸ்ட்கிரெஸ், அமேசான் ஆர்டிஎஸ்

மேகச் சேவையில் இயங்கும் தரவுத்தளத்துக்கும் அதை நாடும் செயலிக்கும் இடையே போய்வரும் தரவை, வழியில் எவரும் படிக்கவோ திருத்தவோ முடியாதபடி டிஎல்எஸ் நெறிமுறையால் காக்கும் ஏற்பாடு. டிஎல்எஸ்ஸின் முன்னோடி, நெட்ஸ்கேப் 1995இல் வெளியிட்ட எஸ்எஸ்எல். 1999இல் டிஎல்எஸ் வந்துவிட்டாலும் அமைப்புகளின் பெயர்களில் எஸ்எஸ்எல் என்பதே நீடிக்கிறது. டிஎல்எஸ் 1.0, 1.1 பதிப்புகள் 2021இல் கைவிடப்பட்டன.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் திறந்த இணைப்புக்கும் மறையாக்க இணைப்புக்கும் வழக்கமான போர்ட் 5432 ஒன்றுதான். கிளையன்ட் முதலில் 8 பைட் கோரிக்கை ஒன்றை அனுப்பும். சர்வர் 'எஸ்' என்ற ஓரெழுத்தைத் திருப்பினால் டிஎல்எஸ் தொடங்கும். 'என்' வந்தால் மறையாக்கம் கிடையாது. அப்போது என்ன செய்வதென்பது கிளையன்டின் 'எஸ்எஸ்எல்மோடு' அமைப்பைப் பொறுத்தது. மாற்றாமல் விட்டால் அது 'ப்ரிஃபர்' நிலையில் இருக்கும். சர்வர் மறுத்தால் சத்தமில்லாமல் திறந்த இணைப்புக்கு இறங்கிவிடும். பாதுகாப்பு நோக்கில் இது மோசமான தொடக்கநிலை.

'ரெக்வயர்' மறையாக்கத்தைக் கட்டாயமாக்கும். ஆனால், வேர்ச் சான்றிதழ் (நம்பத்தக்க சான்றளிப்பு அமைப்பின் சான்றிதழ்) எதுவும் தரப்படாதபோது, எதிர்முனையில் இருப்பது யார் என்று விசாரிக்காது. நடுவில் புகுந்தவர் தாமே உருவாக்கிய சான்றிதழைக் காட்டினாலும் அவருடனேயே மறையாக்கம் செய்து பேசும். 'வெரிஃபை-சிஏ', சான்றிதழில் கையொப்பமிட்டது நம்பிக்கைக்குரிய அமைப்பா என்று பார்க்கும். மேகத்தில் அதுவும் போதாது: வாடிக்கையாளர் பலரின் தரவுத்தளங்களுக்கும் ஒரே வேர் அமைப்பு கையொப்பமிடுவதால், வேறொருவரின் தரவுத்தளமும் அந்தச் சோதனையில் தேறிவிடும். சான்றிதழிலுள்ள பெயரை நாம் அழைத்த முகவரியோடு ஒப்பிடும் 'வெரிஃபை-ஃபுல்' ஒன்றே முழுமையானது. இதற்கு, அமேசானின் மேகத் தரவுத்தளச் சேவையான ஆர்டிஎஸ்ஸில், தரவுத்தளத்தை ஐபி எண்ணால் அல்லாமல் அமேசான் தந்த பெயரால் அழைக்க வேண்டும்.

அமேசான் வழங்கும் சான்றிதழ்த் தொகுப்பை இறக்கி, அதன் இடத்தை 'எஸ்எஸ்எல்ரூட்செர்ட்' அமைப்பில் குறிப்பிட்டு, 'வெரிஃபை-ஃபுல்' நிலையைத் தேர்ந்தால் கிளையன்ட் பக்க வேலை முடிந்தது. சர்வர் பக்கம் 'ஆர்டிஎஸ்.ஃபோர்ஸ்_எஸ்எஸ்எல்' மதிப்பு 1 ஆக இருந்தால் திறந்த இணைப்புகள் ஏற்கப்படமாட்டா. போஸ்ட்கிரெஸ் 15 முதல் அதுவே இயல்புநிலை.

சான்றிதழ்களுக்கு ஆயுள் உண்டு. 2019ஆம் ஆண்டின் ஆர்டிஎஸ் வேர்ச் சான்றிதழ் பெரும்பாலான வட்டாரங்களில் 2024 ஆகஸ்டில் காலாவதியானது. செயலிகளில் புதிய தொகுப்பைச் சேர்க்காமல் சர்வரில் மட்டும் சான்றிதழை மாற்றினால், சரிபார்க்கும் இணைப்புகள் அனைத்தும் அறுந்துபோகும். அந்த அவசரத்தில் சரிபார்ப்பை நிறுத்திவைப்பவர்கள் பெரும்பாலும் அதை மறந்தும்விடுகிறார்கள்.

இணைப்பு மறையாக்கப்பட்டுள்ளதா, எந்த டிஎல்எஸ் பதிப்பில் என்பதை 'பிஜி_ஸ்டாட்_எஸ்எஸ்எல்' காட்சியில் பார்க்கலாம். கிளையன்ட் சர்வரின் சான்றிதழைச் சரிபார்த்ததா என்பது மட்டும் அதில் தெரியாது.