பௌத்தமும் மண்வெட்டியும்: இலங்கை சர்வோதயா காட்டும் 'சஸ்டெய்னபிள்' வாழ்க்கை என்ன?

'சஸ்டெய்னபிள் லிவிங்' என்றதும் நம்மில் பலருக்கு மனசில் வருவது ஒரு ஷாப்பிங் லிஸ்ட்தான்: மூங்கில் பிரஷ், துணிப்பை, ஆர்கானிக் அரிசி. காசு கொடுத்தால் வீட்டுக்கே வந்துவிடும். ஆனால் குப்பை எங்கே போகிறது, மழைத்தண்ணீர் ஏன் வடியவில்லை என்பதற்கெல்லாம் தனி ஆளாகத் தீர்வு காண முடியாது. தெருவே சேர்ந்தாக வேண்டும்.

அப்படி ஊரைச் சேர்க்கும் வேலையை, பௌத்தக் கருத்துகளை அடிப்படையாக வைத்து 1958 முதல் செய்துவருகிறது இலங்கையின் சர்வோதய சிரமதான இயக்கம். அது எப்படி இயங்குகிறது, அதன் மீதான விமர்சனம் என்ன, திருவனந்தபுரம் கிழக்கேகோட்டை மாதிரி நெரிசலான நகரப் பகுதிக்கு அதில் ஏதாவது இருக்கிறதா என்று பார்ப்போம்.

எப்படித் தொடங்கியது?

கொழும்பு நாலந்தா கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர் ஏ.டி. ஆரியரத்ன. 1958-ல் தன் மாணவர்களை கனத்தொலுவ என்ற கிராமத்துக்கு முகாமுக்கு அழைத்துப் போனார். சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த ஊர் அது. மாணவர்கள் அவர்களோடு தங்கி, சேர்ந்து வேலை செய்தார்கள். அந்த முகாமிலிருந்து வளர்ந்ததுதான் இயக்கம்.

'சிரமதானம்' என்றால் உழைப்பைத் தானமாகக் கொடுப்பது. 'சர்வோதயா' காந்தி பயன்படுத்திய சொல். அவருக்கு அது எல்லோருடைய நலன். ஆரியரத்ன அதற்கு 'எல்லோருடைய விழிப்பு' என்று பௌத்தப் பொருள் கொடுத்தார். 1972-ல் இலங்கை நாடாளுமன்றச் சட்டம் மூலம் அமைப்புக்குச் சட்ட அங்கீகாரம் கிடைத்தது. ஆரியரத்ன 1969-ல் மகசேசே விருதும், 1996-ல் இந்திய அரசின் காந்தி அமைதிப் பரிசும் பெற்றார். 2024 ஏப்ரலில் மறைந்தார்.

பௌத்தம் இதில் எங்கே வருகிறது?

புத்தரின் நான்கு உண்மைகளை ஒரு ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். ஊரில் துன்பம் இருக்கிறது: வறுமை, நோய், சண்டை. அதற்குக் காரணம் உண்டு: பேராசை, போட்டி, பகை. அது மாறக்கூடியது. மாற்றுவதற்கு வழியும் உண்டு: பகிர்தல், ஒத்துழைப்பு. சர்வோதயாவின் அடிப்படை இதுதான்.

இதே காலத்தில் வெளியுலகிலும் இந்தச் சிந்தனை பேசப்பட்டது. 1955-ல் பர்மாவில் பணியாற்றிய பொருளாதார அறிஞர் ஈ.எஃப். ஷூமாக்கர், பிறகு 'பௌத்தப் பொருளாதாரம்' என்ற கட்டுரையை எழுதினார். அதன் சாரம்: குறைந்த நுகர்வில் அதிகபட்ச நல்வாழ்வு பெறுவதே புத்திசாலித்தனம், வேலை என்பது வெறும் சம்பளத்துக்கானது அல்ல, மனிதரை வளர்ப்பது.

ஒரு ஊருக்குள் என்ன நடக்கும்?

ஐந்து படிகள்:

1. ஊரே சேர்ந்து ஒரு பொது வேலை: சாலை, கிணறு, கால்வாய்.
2. குழந்தைகள், இளைஞர்கள், தாய்மார்கள், விவசாயிகள் எனக் குழுக்கள்.
3. சட்டப்படி பதிவு செய்த ஊர்ச் சங்கம். அடிப்படைத் தேவைகளை அது கையில் எடுக்கும்.
4. சேமிப்பு, கடன், வருமானம்.
5. தன்னிறைவு அடைந்த ஊர், பக்கத்து ஊருக்குக் கைகொடுப்பது.

கவனியுங்கள், பணம் நாலாவது படியில்தான் வருகிறது. முதலில் வருவது உறவு. ஒரே குழியைச் சேர்ந்து வெட்டியவர்களுக்குள் அடுத்த மாதம் பேச்சுவார்த்தை சுலபம் என்பதுதான் கணக்கு.

15,000 கிராமங்களை எட்டியிருப்பதாக இயக்கம் சொல்கிறது. இதில் ஒரு முகாமோடு நின்ற ஊரும் இருக்கலாம், ஐந்தாம் படி வரை போன ஊரும் இருக்கலாம். ஆகவே 15,000-ஐ 'வெற்றி' எண்ணாகப் படிக்கக் கூடாது. எவ்வளவு தூரம் பரவியது என்பதற்கான எண் மட்டுமே.

சுற்றுச்சூழல் எங்கே?

இயக்கத்தின் பத்து அடிப்படைத் தேவைகள் பட்டியலில் சுத்தமான, அழகான சுற்றுப்புறமும் ஒன்று. நல்ல தண்ணீர், எரிபொருள், உணவு, வீடு எல்லாம் அதே பட்டியலில்தான். சுற்றுச்சூழல் தனி 'டிபார்ட்மென்ட்' இல்லை.

2004 சுனாமிக்குப் பிறகு களுத்துறை மாவட்டம் லகோஸ்வத்தவில் 55 குடும்பங்களுக்காக ஒரு சூழல் கிராமத்தை சர்வோதயா கட்டியது. மழைநீர்த் தொட்டி, சூரிய மின்சாரம், உரக்குழி, வீட்டுத் தோட்டம், நடுவில் சமுதாய மையம். கூடிப் பேச இடம் இல்லையென்றால் மற்றதை யார் பராமரிப்பது?

இதற்கு நேர் எதிரான உதாரணமும் இலங்கையிலேயே உண்டு. 2021 ஏப்ரலில் அரசு ரசாயன உர இறக்குமதிக்குத் திடீரெனத் தடை போட்டது. விவசாயிகளுக்குத் தயாராக நேரமில்லை. விளைச்சல் சரிந்து, போராட்டம் வெடித்து, நவம்பரில் அரசு பின்வாங்கியது. இயற்கை விவசாயம் என்ற இலக்கில் பிழை இல்லை. மேலிருந்து ஒரே உத்தரவில் திணித்ததுதான் பிழை.

தமிழர்களுக்கு இதில் என்ன இடம்?

நாம் தவிர்க்க முடியாத கேள்வி. 1983 கலவரத்தின்போது பாதிக்கப்பட்ட தமிழர்களுக்கு சர்வோதயா நிவாரணம் கொடுத்தது. அந்த ஆண்டே தெற்கிலிருந்து வடக்கு நோக்கி அமைதி நடைப்பயணமும் தொடங்கியது. ஜனாதிபதி கேட்டுக்கொண்டதால் ஆரம்பத்திலேயே நின்றது. வடக்கு, கிழக்கிலும் அமைப்பு வேலை செய்தது. பிரேமதாச ஆட்சியில் அரசு விசாரணையையும் சந்தித்தது.

இன்னொரு பக்கம், இந்தியவியல் அறிஞர் ரிச்சர்ட் கோம்ப்ரிச், மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர வைத்த விமர்சனம் முக்கியம். சர்வோதயா பேசும் ஒற்றுமையான பழைய கிராமம் ஒரு நடுத்தர வர்க்கக் கற்பனை என்றார்கள். பெரும்பான்மை மதத்தின் மொழியில் பேசும்போது, அழைப்பு எல்லோருக்கும் என்றாலும் எல்லோருக்கும் அது ஒரே மாதிரி கேட்காது. வெளிநாட்டு நிதியை நம்பியிருந்ததும் பலவீனம். நன்கொடையாளர்களின் முன்னுரிமை மாறியபோது இயக்கம் தடுமாறியது.

கிழக்கேகோட்டைக்கு என்ன பாடம்?

பெருமழை பெய்தால் தம்பானூரும் கிழக்கேகோட்டையும் மூழ்குவது பழைய கதை. 2015-ல் 'ஆபரேஷன் அனந்தா' என்ற பெயரில் அரசு வடிகால் ஆக்கிரமிப்புகளை அகற்றியது. ஆனால் ஓடையில் விழும் குப்பையை ஜேசிபி நிறுத்தாது.

2011 டிசம்பரில் விளப்பில்சாலை மக்களின் எதிர்ப்பால் நகரத்தின் குப்பை ஆலை மூடப்பட்டது. நம் குப்பையை இன்னொரு ஊர் சுமக்க முடியாது என்று நகரம் அன்று கற்றது. அதன் பிறகு வந்தவைதான் வீட்டு உரத்தொட்டிகளும், வார்டு அளவிலான தும்பூர்முழி தொட்டிகளும். காய்ந்த இலை, சாணம், ஈரக்கழிவு என்று அடுக்கடுக்காகப் போட்டால் சுமார் 90 நாளில் உரம். தொழில்நுட்பம் எளிது. தினமும் யார் அடுக்குவது என்பதுதான் கஷ்டம். தலைநகரில் பல ஆண்டுகளாக இயங்கும் 'தணல்' அமைப்பு (மலையாளத்தில் அதற்கு 'நிழல்' என்று பொருள்) இதற்கான பிரச்சாரத்தைச் செய்துவந்திருக்கிறது.

சர்வோதயா தரும் பதில் இங்கேதான் உதவும். தொட்டி வைப்பதற்கு முன்னால் மனிதர்களைச் சேர். உங்கள் அபார்ட்மென்டில் தொடங்க நினைத்தால் முதல் கூட்டத்தில் மெஷின் விலையைப் பேசாதீர்கள். ஒரு ஞாயிறு காலை எல்லோரும் சேர்ந்து செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். வீட்டு வேலைக்கு வருபவர்களையும் வாட்ச்மேனையும் வேலை வாங்க மட்டும் கூப்பிடாமல், முடிவெடுக்கவும் கூப்பிடுங்கள். கனத்தொலுவவில் நடந்ததன் சாரம் அதுதான்.