ஆசிய விளையாட்டில் ஒருவர் டிங்கிப் பந்தயம்

ஒரே ஆள் செலுத்தும் சிறு பாய்மரப் படகுகளின் பந்தயம் இது. ஒரு கையில் சுக்கான், மறு கையில் பாயைக் கட்டுப்படுத்தும் கயிறு. காற்று வலுத்துப் படகு சாயும்போது, உள்ளே உள்ள பட்டையில் பாதங்களை மாட்டிக்கொண்டு, உடலை நீருக்கு மேல் வெளியே நீட்டிச் சமன்செய்ய வேண்டும். தொடையும் வயிறும் எரியும். யோசிக்கவும் அவரே, உழைக்கவும் அவரே.

பாய்மரப் படகோட்டம் ஆசிய விளையாட்டில் 1970-இல் பாங்காக்கில் அறிமுகமானது. 1974-இல் விடுபட்டு 1978-இல் திரும்பியது. ஒருவர் பிரிவில் தொடக்கத்தில் ஓகே டிங்கி ஓடியது. பின்னர் அந்த இடத்தை லேசர் பிடித்தது. கனடாவைச் சேர்ந்த புரூஸ் கர்பி வடிவமைத்த 4.23 மீட்டர் நீளப் படகு அது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் சேர்ந்தது. சிறிய பாய் கொண்ட ரேடியல், 2008-இல் ஒலிம்பிக்கின் பெண்கள் பிரிவானது. உடற்பகுதி ஒன்றே, பாயின் அளவு மாறும். லேசர், ரேடியல், அதைவிடச் சிறிய பாய் கொண்ட லேசர் 4.7 ஆகியவை இன்று முறையே ஐ.எல்.சி.ஏ. 7, 6, 4 எனப்படுகின்றன. எல்லோருக்கும் ஒரே படகு என்பதால், ஓட்டுபவரின் திறனே முடிவைத் தீர்மானிக்கிறது.

புள்ளிக் கணக்கு தலைகீழானது. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2. குறைந்த கூட்டுத்தொகையே வெல்லும். மிக மோசமான பந்தயம் ஒன்று கழிக்கப்படும்.

இந்தியாவில் இப்பந்தயத்தை வளர்த்ததில் ராணுவத்துக்குப் பெரும்பங்கு உண்டு. ஹைதராபாத்தின் ஹுசேன் சாகர் ஏரியில், செகந்திராபாத் இ.எம்.இ. படகோட்டச் சங்கம் முன்னின்று நடத்தும் ஹைதராபாத் படகோட்ட வாரம் லேசர் வீரர்களின் முக்கியமான களம். பருவக்காற்று வீசும் மாதங்களில் நடக்கும் இப்போட்டியில், நகரக் கட்டடங்களுக்கு நடுவே காற்று அடிக்கடி திசை மாறும். காற்றைக் கணிக்க இது அருமையான பள்ளி. ஆனால் கடல் அலையை ஏரி கற்றுத்தராது. அந்தக் குறையைக் கடலோரப் பயிற்சிதான் தீர்க்க முடியும்.

2018 ஜகார்த்தா போட்டியில் மத்தியப் பிரதேசத்தின் ஹர்ஷிதா தோமர், லேசர் 4.7 பிரிவில் வெண்கலம் வென்றார். ஹாங்சோ போட்டி 2023 செப்டம்பரில் நடந்தபோது, படகோட்டத்துக்கு நிங்போ அருகே ஷியாங்ஷான் களமானது. அங்கு ஐ.எல்.சி.ஏ. 4 பிரிவில் 17 வயது நேஹா தாக்கூர் வெள்ளி பெற்றார். ஐ.எல்.சி.ஏ. 7 பிரிவில் வேலூரைச் சேர்ந்த ராணுவ வீரர் விஷ்ணு சரவணனுக்கு வெண்கலம். சிங்கப்பூரின் ரையன் லோ 26 புள்ளி, கொரியாவின் ஹா ஜீமின் 33, விஷ்ணு 34. ஒரே புள்ளியில் வெள்ளி கைநழுவியது; கணக்கில் சேர்ந்த ஏதேனும் ஒரு பந்தயத்தில் இன்னும் இரு படகுகளை முந்தியிருந்தால் அது அவருடையது. சென்னையின் நேத்ரா குமணன், ஐ.எல்.சி.ஏ. 6 பிரிவில் நான்காமிடத்தில் நின்றார். ஒலிம்பிக்குக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் படகோட்ட வீராங்கனை இவரே. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் இருவரும் ஒருவர் டிங்கியில் இறங்கினர்: விஷ்ணு 20-ஆவது, நேத்ரா 35-ஆவது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் படகோட்டம் மார்செய்யில் நடந்தபோது, விஷ்ணு 18-ஆம் இடத்துக்கும் நேத்ரா 21-ஆம் இடத்துக்கும் முன்னேறினர்.