பாலைவனத்தில் கோதுமை – சவூதி அரேபியா போட்ட கணக்கு



தேர்வு முடிந்துவிட்டதால் ரொம்ப நாளாக எழுத நினைத்த ஒரு விஷயத்தை இப்போது எழுதுகிறேன். கொஞ்சம் சரித்திரம், கொஞ்சம் விவசாயம், நிறையத் தண்ணீர்.

எங்கள் சின்னத்தாத்தா ஒருவர் 1980களில் சவூதியில் புரைதா பக்கம் லாரி ஓட்டியவர். சின்ன வயதில் அவரிடம் கதை கேட்டால் ஒன்றை மறக்காமல் சொல்வார். "லாரியில நான் ஏத்தினது பேரீச்சம்பழம்னு நினைச்சியா? கோதுமைடா பேராண்டி, கோதுமை!" பாலைவனத்தில் கோதுமையா? தாத்தா நன்றாகக் கதை விடுகிறார் என்றுதான் நினைத்தேன். கல்லூரிக்கு வந்து படித்தபோதுதான் தெரிந்தது, அவர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒரு ஆறுகூட இல்லாத, ஆண்டுக்குச் சராசரியாக 100 மில்லிமீட்டர் அளவுக்கே மழை பெய்யும் அந்த நாடு, 1990களின் தொடக்கத்தில் உலகின் முன்னணி கோதுமை ஏற்றுமதி நாடுகளில் ஒன்று!

இது எப்படி நடந்தது? அப்புறம் என்ன ஆனது?

பயத்தில் பிறந்த திட்டம்

சவூதியில் விவசாய ஆசை எண்ணெய்ப் பணத்துக்கும் முந்தையது. ரியாத்துக்குத் தெற்கே அல் கர்ஜ் என்ற ஊரில் ஆழமான இயற்கைக் குளங்கள் இருந்தன. மன்னர் அப்துல் அஜீஸ் காலத்திலேயே அங்கே பம்பு வைத்து அரசுப் பண்ணை நடத்தினார்கள். 1942இல் கார்ல் ட்விட்செல் தலைமையில் ஒரு அமெரிக்க விவசாயக் குழு நாடு முழுக்கச் சுற்றிப் பார்த்தது. ஆனால் இதெல்லாம் சிறிய அளவுதான்.

பெரிய திருப்பம் 1973. அக்டோபர் போரில் இஸ்ரேலை ஆதரித்ததற்காக, மன்னர் பைசல் ஆட்சியில் இருந்த சவூதி உள்ளிட்ட அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் தருவதை நிறுத்தின. உடனே அமெரிக்காவில் ஒரு பேச்சு கிளம்பியது. "அவர்கள் எண்ணெயை நிறுத்தினால் நாம் உணவை நிறுத்தினால் என்ன?" அப்படி எதுவும் கடைசிவரை நடக்கவில்லை. ஆனால் சாப்பாட்டில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைக்கும் நாட்டுக்கு அந்தப் பேச்சே போதாதா? சட்டைப்பை நிறையப் பணம் இருந்தும் கடைக்காரன் அரிசி தரமாட்டேன் என்றால் என்ன செய்வது? அந்தப் பயம்தான் இந்தத் திட்டத்தின் விதை.

ஆகவே பயத்தைக் கேலி செய்ய முடியாது. அந்த நிலைமையில் நாம் இருந்தாலும் பயந்திருப்போம்.

கொட்டிய பணம்

எண்ணெய் விலை ஏறியதால் பணத்துக்குக் குறைவில்லை. அரசு என்னென்ன செய்தது என்று பாருங்கள்:

- 1968இல் வந்த சட்டப்படி தரிசு நிலம் இலவசம்.
- விவசாய வங்கியில் வட்டியில்லாக் கடன்.
- பம்பு, எந்திரம், உரம் எல்லாவற்றுக்கும் மானியம்.
- எல்லாவற்றுக்கும் மேலாக, கொள்முதல் விலை. 1970களின் இறுதியில் ஒரு கிலோ கோதுமைக்கு அரசு தந்தது 3.5 ரியால். அதாவது டன்னுக்குச் சுமார் 1000 டாலர். உலகச் சந்தை விலையைப் போலப் பல மடங்கு!

இந்த விலை கிடைத்தால் யார்தான் கோதுமை போடமாட்டார்கள்? கசீம், ஹாயில், தபூக், அல் ஜவ்ஃப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழத்துக்குப் போர் போட்டார்கள். நடுவில் ஒரு அச்சு, அதிலிருந்து சக்கரங்கள் மேல் நிற்கும் நீளமான குழாய், கடிகார முள் மாதிரி மெதுவாகச் சுற்றிக்கொண்டே தண்ணீர் தெளிக்கும். அமெரிக்காவின் பிராங்க் ஸைபாக் 1952இல் காப்புரிமை பெற்ற கருவி இது. அதனால்தான் அங்கே வயல்கள் சதுரமாக இல்லாமல் வட்டமாக இருக்கும். மணலில் பச்சைத் தோசை வார்த்த மாதிரி இருக்கும் இந்த வட்டங்களைச் செயற்கைக்கோள் படங்களில் இன்றும் பார்க்கலாம்.

1980இல் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் குறைவாக இருந்த விளைச்சல், 1984க்குள் நாட்டின் தேவையைத் தொட்டது. 1992இல் 40 லட்சம் டன்னைத் தாண்டியது. மிச்சத்தை ஏற்றுமதி செய்தார்கள். அதிக விலைக்கு வாங்கிய கோதுமை, உலகச் சந்தையில் நஷ்டத்தில் போனது.

லாபம் யாருக்கு? பழைய பாலைவனச் சோலைகளில் பேரீச்சை பயிரிட்ட சிறு விவசாயிக்கு இதில் பங்கு குறைவு. நிலமும் கடனும் பெரிய அளவில் பெற முடிந்த கம்பெனிகளும் செல்வந்தர்களும்தான் அதிகம் அள்ளினார்கள்.

உண்மையில் எது உள்நாட்டுச் சரக்கு?

இங்கேதான் நான் நின்று யோசித்தேன். தன்னிறைவு என்றார்களே, அந்தக் கோதுமையில் சவூதியுடையது எது? எந்திரம் வெளிநாடு. விதை ரகமும் நிபுணரும் வெளிநாடு. வயலில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டுக்காரர்கள். கோதுமை ஏற்றிய லாரி டிரைவர்கூட நம்ம சின்னத்தாத்தா! :-)

உள்நாட்டுச் சரக்கு என்று உறுதியாகச் சொல்லக்கூடியவை இரண்டுதான். மணலும் தண்ணீரும். அதில் தண்ணீர் திரும்பக் கிடைக்காத சரக்கு.

அரேபியாவில் நல்ல மழை பெய்த ஒரு காலம் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் இருந்தது. அப்போது பாறைகளுக்குள் இறங்கித் தங்கிய தண்ணீர்தான் 'சாக்' போன்ற நிலத்தடிப் படுகைகளில் இருக்கிறது. நம் ஊர்க் கிணறு மாதிரி அடுத்த மழையில் ஊறாது. எடுத்தால் எடுத்ததுதான். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பார்களே, அதே கதை.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு டன் கோதுமை விளைய ஏறக்குறைய 1000 டன் தண்ணீர் வேண்டும். (பாலைவன வெயிலில் இன்னும் அதிகம்.) 40 லட்சம் டன் கோதுமைக்கு 400 கோடி கனமீட்டர். நமக்குப் புரிகிற மாதிரி சொன்னால், சுமார் 141 டிஎம்சி, அதாவது ஒன்றரை மேட்டூர் அணை. ஒரே ஒரு ஆண்டுக்கு, ஒரே ஒரு பயிருக்கு! மேட்டூருக்குக் காவிரி மறுபடி வரும். அங்கே எது வரும்?

அடையாளங்கள் சீக்கிரமே தெரிந்தன. அல் கர்ஜ் குளங்கள் வற்றின. கிழக்கே அல் அஹ்ஸா சோலையில் தானாகப் பொங்கிய ஊற்றுகள் நின்று, பம்பு வைத்து இறைக்க வேண்டியதாயிற்று.

திரும்பி வந்த பாதை

எண்ணெய் வருமானம் சரிந்ததும், 1990-91 வளைகுடாப் போரின் செலவும் சேர்ந்து மானியத்தைக் குறைக்க வைத்தன. 1990களின் நடுவில் விளைச்சல் பாதிக்கும் கீழே போனது. 2008இல் அரசு ஒரு முடிவெடுத்தது: உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலை ஆண்டுக்கு 12.5 சதவீதம் குறைத்து, 2016இல் முற்றிலும் நிறுத்துவது. அப்படியே நிறுத்தினார்கள்.

தண்ணீர் தப்பித்ததா? இல்லை! கோதுமையை விட்டவர்களில் பலர், பால் பண்ணை மாடுகளுக்காகக் குதிரைமசால் போட்டார்கள். அது ஆண்டு முழுக்க நிற்கும் பயிர், கோதுமையைவிட அதிகம் குடிக்கும். அதற்கும் பிறகு தடை வந்தது. அதற்குள் அல்மராய் என்ற பால் நிறுவனம் 2014இல் அமெரிக்காவின் அரிசோனாவில் நிலம் வாங்கி, அங்கே தீவனம் வளர்த்துக் கப்பலில் கொண்டுவந்தது. அரிசோனாவும் பாலைவனம்தான்! அங்குள்ள மக்கள் "எங்கள் நிலத்தடி நீரா?" என்று கேட்க, 2023இல் அந்த மாநில அரசு, அரசு நிலங்களில் தந்திருந்த குத்தகைகளை முடிவுக்குக் கொண்டுவந்தது.

2018 இறுதியில் சவூதி அரசு சிறிய பண்ணைகளுக்கு மட்டும் அளவு வைத்துக் கோதுமை பயிரிட மறுபடி அனுமதி தந்தது. பழைய பயம் முழுசாகப் போகவில்லை என்று தெரிகிறது. உக்ரைன் போரால் 2022இல் கோதுமை விலை எகிறியதைப் பார்த்தவர்கள் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டார்கள்.

நான் புரிந்துகொண்டது

டோனி ஆலன் என்ற லண்டன் பேராசிரியர் 1990களில் 'மறைநீர்' என்ற கருத்தைச் சொன்னார். ஒரு டன் கோதுமையை இறக்குமதி செய்யும் நாடு, அதை விளைவித்த ஆயிரம் டன் தண்ணீரையும் சேர்த்தே இறக்குமதி செய்கிறது. இந்தக் கணக்கில் பார்த்தால் வறண்ட நாட்டுக்கு இறக்குமதி என்பது பலவீனம் மட்டுமல்ல, ஒரு சேமிப்பும்கூட. அப்படியே திருப்பிப் பார்த்தால், 1990களில் சவூதி ஏற்றுமதி செய்தது தன் குடிநீரைத்தான்.

சவூதி பயந்தது சரி. ஆனால் கப்பல் நின்றுபோகும் நாளுக்கு வைத்திருக்க வேண்டிய தண்ணீரை, கப்பல் ஒழுங்காக வந்துகொண்டிருந்த நாட்களிலேயே இறைத்துத் தீர்த்தார்கள். அதில் ஒரு பகுதியைக் கப்பலில் ஏற்றி வெளியே அனுப்பவும் செய்தார்கள். எனக்குப் பெரிய தவறாகப் படுவது இதுதான். தானியத்தைக் கிடங்கில் சேர்த்து வைப்பது, பல நாடுகளிடம் பிரித்து வாங்குவது, தண்ணீரைத் தொடாமல் வைப்பது என்று வேறு வழிகளும் இருந்தன.

சின்னத்தாத்தாவிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் போன புதுசுல ராத்திரியெல்லாம் பம்பு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். நல்லாத் தூக்கம் வரும்டா" என்றார்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? அந்த நாட்டின் இடத்தில் நீங்கள் இருந்தால் 1973இல் என்ன செய்திருப்பீர்கள்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள், விவாதிப்போம். வளைகுடாவில் பண்ணை வேலை பார்த்த உறவினர்கள் இருந்தால் அவர்களையும் கேட்டு எழுதுங்கள்.

அடுத்த பதிவில் சந்திப்போம்!