வண்ணக் கண்ணாடியும் மரச்சட்டமும்

ஆலய வரலாறுகளை எழுதுவோர் பலிபீடத்தின் மேலுள்ள வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைத் தவறாது குறிப்பிடுவர். அதைத் தாங்கி நிற்கும் மரச்சட்டத்தைக் குறிப்பிடுவோர் அரியர். சட்டம் தளர்ந்தால் சாளரமும் நிலைக்காது என்பதனால், இப்பொருளைச் சற்று ஆராய விரும்புகிறோம்.

வண்ணக் கண்ணாடிக்கலை மேனாட்டில் வளர்ந்தது. 12ஆம் நூற்றாண்டில் தெயோபிலஸ் என்னும் துறவி அதன் செய்முறையை விரிவாக எழுதி வைத்தார். அங்குள்ள பேராலயங்களில் கல்லில் செதுக்கிய சட்டங்களே கண்ணாடியைத் தாங்கின. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு எழுந்த நம் நாட்டு ஆலயங்களிலோ, அப்பணி பெரும்பாலும் மரத்திற்கே உரியதாயிற்று.

திருவில்லிபுத்தூர், இராஜபாளையம் வட்டாரத்தில் நற்செய்திப்பணி கண்ணாடியோடு தொடங்கவில்லை. 1854ஆம் ஆண்டில் ராக்லண்டு ஐயர், பென், மெடோஸ் ஆகியோருடன் வட திருநெல்வேலிச் சுற்றுப்பயண ஊழியத்தைத் தொடங்கினார். கேம்பிரிட்ஜில் கல்விப்பதவி வகித்த அவர், கூடாரத்தில் தங்கி ஊர் ஊராகச் சென்றார். 1858இல் சிவகாசியில் மரித்தார். கூடாரத்திற்குச் சாளரம் வேண்டுவதில்லை. ஆகவே, நிலைக்கதவும் சாளரமும் ஒரு சபை ஊரில் வேரூன்றியதன் அடையாளங்கள் என்று கொள்ளலாம்.

மரத்திற்கும் ஆலயத்திற்குமுள்ள உறவுக்கு உதகமண்டலத்துப் பரிசுத்த ஸ்தேவான் ஆலயம் சிறந்த சான்றாகும். 1830ஆம் ஆண்டில் பிரதிஷ்டை செய்யப்பட்ட அவ்வாலயத்திற்கு, ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்த திப்பு சுல்தானின் அரண்மனை மரங்கள் கொண்டுவரப்பட்டன. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் அங்கு உண்டு. ஓர் அரசு வீழ்ந்தபின் அதன் உத்திரம் ஆராதனைக் கூரையைத் தாங்கிய இவ்வரலாறு பெருமைக்குரியது மட்டுமன்று. மிஷன் பணி ஆங்கில ஆட்சியின் நிழலில் நடந்தது என்பதையும் நமக்கு உணர்த்துகிறது.

சட்டத்தின் வேலை யாது? வண்ணத் துண்டுகளை இணைப்பது இருபுறமும் பள்ளமுடைய ஈயப் பட்டை. ஈயம் மென்மையானது, வெயிலாலும் தன் பாரத்தாலும் காலப்போக்கில் தொய்ந்து, கண்ணாடியை வெளிப்புறமாகவோ உட்புறமாகவோ பிதுங்கச் செய்யும். ஆதலால் குறுக்கே இரும்புக் கம்பிகள் வைத்து, செப்புக் கம்பியால் ஈயத்தோடு பிணைப்பர். அவற்றின் முனைகள் மரச்சட்டத்தினுள் இறங்கினால்தான் பாரம் சுவருக்குச் சேரும். சட்டத்தின் மூலைகளை ஆணியால் மட்டும் இணைத்தல் போதாது. ஒரு மரத்தில் துளையிட்டு, மற்றதின் முனையை நாக்குப்போல் செதுக்கிச் செலுத்தி, மர முளையால் இறுக்க வேண்டும். மழைக்காலத்தில் மரம் உப்பும்; ஆதலால் கண்ணாடிக்கும் சட்டத்திற்கும் இடையே சிறு இடைவெளி வேண்டும். அடிச்சட்டம் வெளிப்புறம் சரிந்திருந்தால் நீர் தேங்காது.

இப்பொருத்துமுறை நம் தச்சருக்குப் புதியதன்று. ஆடிப்பூரத்தில் திருவில்லிபுத்தூர் வீதிகளில் ஓடும் ஆண்டாள் கோயிற் பெருந்தேர், குலுங்கும் பாரத்தையும் மரம் தாங்கும் என்பதற்கு நம் கண்முன் நிற்கும் சாட்சி. அயலாரின் வழிபாட்டுக்குரியது என்பதற்காக அதிலுள்ள கைத்திறனை நாம் காணாதிருத்தல் நேர்மையாகாது. மேனாட்டுக் கண்ணாடி நம் மண்ணில் நின்றது நம் மண்ணின் கைகளால் என்பதையும் மறத்தலாகாது.

இன்று ஆலயங்களைப் புதுப்பிக்கையில் பழைய மரச்சட்டங்களை எடுத்தெறிந்து அலுமினியம் பொருத்தும் ஆர்வம் காணப்படுகிறது. கறையான் அரித்த பகுதியை மட்டும் வெட்டி, அதேவகை மரத்தால் ஒட்டுப்போட்டுக் காக்கக்கூடிய சட்டங்கள் பல இவ்வாறு அழிகின்றன. போதகர்கள் அவசரப்படாமல், அனுபவமுள்ள தச்சரைக் கொண்டு முதலில் சோதிப்பார்களாக. கண்ணாடிக்குக் கொடையளித்தவர் பெயர் பித்தளைத் தகட்டில் இருக்கும். சட்டம் செய்தவர் பெயர் எங்கும் இராது. இனிச் செய்யப்படும் வேலைகளிலேனும் தச்சரின் பெயரைச் சபைப் பதிவேட்டில் எழுதிவைத்தல் நலம். தச்சர் என்று அழைக்கப்பட்ட ஆண்டவரைத் தொழும் சபைக்கு இது மிகையான கடமையன்று.