அரிசிக் கரி அடுப்பு



‘ஸ்டோக்கர்’ என்னும் ஆங்கிலச் சொல் முதலில் ஒரு மனிதனைக் குறித்தது. நீராவிக் கப்பலின் உலைவாயிலில் நின்று, வியர்வை ஒழுக ஒழுகக் கரியை அள்ளிப் போடுபவனே ஸ்டோக்கர். பின்னர் அவன் வேலையைச் செய்யும் பொறிக்கும் அதுவே பெயராயிற்று. 1920-களிலும் 1930-களிலும் அப்பொறி சிறிய உருவில் அமெரிக்க வீடுகளின் நிலவறைக்குள் புகுந்தது. அத்தகைய அடுப்பொன்றைக் கழற்றிப் பூட்டும்பொழுது உடனிருக்கும் வாய்ப்பு எனக்குச் சென்ற ஆண்டு கிட்டியது.

பென்சில்வேனியா மாநிலத்தின் வடகிழக்கே, சஸ்குவஹானா ஆற்றங்கரையில் வில்க்ஸ்-பாரி என்னும் நகரம் இருக்கிறது. அங்கு வாழும் என் மகள் இல்லத்தில் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களைக் கழித்தேன். அடுத்த வீட்டுக்காரர் எழுபத்தைந்து வயதைக் கடந்தவர். பாட்டனார் காலம் தொட்டுச் சுரங்கத்தை நம்பி வாழ்ந்த குடும்பத்தினர். 1979-இல் எண்ணெய் விலை ஏறியபொழுது அவர் தந்தையார் வாங்கிய கரியடுப்பு, பல்லாண்டுகளாகத் துருவேறிக் கிடந்தது. அதனைச் செப்பனிட அவர் தொடங்கியிருந்தார். விளக்குப் பிடிக்க ஓர் ஆள் அவருக்கு வேண்டியிருந்தது. எனக்கோ பொழுது போகவில்லை.

அடுப்பின் அமைப்பு எளிது. பின்புறம் ஒரு பெட்டி. அதில் கரியைக் கொட்டிவிட்டால் அது தன் எடையாலேயே கீழே சரிந்து வரும். அங்கே ஒரு தள்ளுகட்டை, சிறு மின்மோட்டாரின் விசையால், முன்னும் பின்னும் மெல்ல நகர்ந்து, ஊசித்துளைகள் நிறைந்த இருப்புத் தட்டின்மேல் கரியைச் சிறிது சிறிதாகத் தள்ளும். தட்டின் அடியிலிருந்து ஒரு விசிறி அத்துளைகளின் வழியே காற்றைச் செலுத்தும். எரிந்து முடிந்த சாம்பல் தட்டின் மறுமுனையில் தானே விழும். நம் குமுட்டி அடுப்பின் அடிவாயில் பனையோலை விசிறியால் வீசுகிறோம் அல்லவா? அந்த விசிறிக்கும், கரி போடும் கைக்கும் மின்சாரம் வந்து வாய்த்தது எனலாம்.

அதில் இடும் கரிக்கு ‘ரைஸ்’ என்று பெயர் கேட்டு நான் நகைத்தேன். அரிசியேதான்! அங்குள்ள ஆந்த்ரசைட் என்னும் கடினமான கரியைச் சலித்து, முட்டை, செஸ்ட்நட் கொட்டை, பட்டாணி, கோதும்பை போன்ற பக்வீட், அரிசி, பார்லி என்று பருமனுக்கேற்பப் பெயரிட்டு விற்கிறார்கள். நம் நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி நீர். ஆந்த்ரசைட்டிலோ பெரும்பகுதியும் கார்பனே. கையில் எடுத்தால் கண்ணாடிபோல் மின்னும். எரிந்தால் புகை இல்லை. ஆனால் பற்றவைப்பது அரிது. அதிலும் அரிசியளவுக் கரியைப் பழைய அடுப்புகளில் இட்டால் கம்பிகளின் இடையே கொட்டிவிடும், அல்லது காற்றை அடைத்து நெருப்பை அணைத்துவிடும். ஆகவே முற்காலத்தில் அதனைக் குப்பையென்று சுரங்கத்தருகே மலைமலையாகக் கொட்டினார்கள். அக்குப்பைக்கு விலை தேடித் தந்தவற்றுள் இந்தப் பொறியும் ஒன்று.

கரியை உடைத்துச் சலிக்கும் ஆலைகளில் அதனோடு வரும் கற்சில்லுகளைப் பொறுக்கி எறிந்தவர்கள் சிறுவர்கள். சரிந்தோடும் கரியின்மேல் குனிந்து, நாளெல்லாம் தூசியை மூச்சிழுத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கையுறை அணிந்தால் கல் எது, கரி எது என்று விரல் அறியாது. ஆதலால் வெறுங்கையே கருவி. 1885-ஆம் ஆண்டுச் சட்டம் 12 வயதுக்குட்பட்டோரை இவ்வேலையில் வைக்கலாகாது என்றது. பெற்றோர் வயதைக் கூட்டிச் சொன்னார்கள், முதலாளிகள் கேளாதிருந்தார்கள். 1911 ஜனவரியில் லூயிஸ் ஹைன் என்பவர் சவுத் பிட்ஸ்டனில் எடுத்த புகைப்படங்களில் அச்சிறுவர்களின் கறுத்த முகங்களை இன்றும் காணலாம். முப்பது ஆண்டுக் காலம் வகுப்பறையில் அவ்வயதுப் பிள்ளைகளைக் கண்டு பழகிய எனக்கு, அப்படங்களை நெடுநேரம் பார்க்க முடியவில்லை. என் அண்டை வீட்டாரின் பாட்டனாரும் பத்து வயதில் அவ்வேலைக்குச் சென்றவரே.

இனி அடுப்புக்கு வருவோம். இருப்புத் தட்டின் துளைகளில் பாதி சாம்பலால் அடைபட்டிருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக மெல்லிய கம்பியால் குத்தித் திறந்தேன். இரண்டு நாள் ஆயிற்று. தள்ளுகட்டையின் அடியில் கரித்தூள் இறுகிக் கிடந்தது, அதைச் சுரண்டினோம். கதவின் விளிம்புக் கயிற்றில் கல்நார் கலந்திருக்கக்கூடும் என்பதால், அதில் நாங்கள் கைவைக்கவில்லை. பயிற்சி பெற்றவரை அழைத்து அகற்றி, கண்ணாடியிழைக் கயிறு பொருத்தினார் முதியவர்.

அன்று மாலை நெருப்பு மூட்டினோம். தட்டின் நடுவே மட்டும் சிவந்தது. ஓரங்கள் கறுத்தே கிடந்தன. பொறுக்கமாட்டாத நான் இரும்புக் கம்பியை எடுத்து நன்றாகக் கிளறினேன். சிவந்திருந்ததும் அணைந்தது!

முதியவர் கோபிக்கவில்லை, ஒரு கதை சொன்னார். 1812-இல் பிரிட்டனோடு போர் மூண்டு, கடல்வழிக் கரி வருவது தடைப்பட்டபொழுது, ஃபிலடெல்ஃபியாவின் அருகே ஜோசையா வைட் என்பவர் நடத்திய கம்பி ஆலையில் ஆந்த்ரசைட்டை எரிக்க முயன்றார்கள். இரவெல்லாம் கிளறியும் பற்றவில்லை. சலித்துப்போய் உலைக்கதவைச் சாத்திவிட்டுச் சென்றார்கள். மறந்த மேற்சட்டையை எடுக்க அரைமணி நேரத்தில் திரும்பிய ஒரு தொழிலாளி, கதவே செக்கச்செவேலென்று கனன்றிருக்கக் கண்டானாம். கிளறாமல் விட்டதே அதற்கு வேண்டியிருந்தது. இதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, 1808 பிப்ரவரி 11 அன்று, வில்க்ஸ்-பாரியில் விடுதி நடத்திய ஜெஸ்ஸி ஃபெல் இரும்புக் கம்பித் தட்டில் இக்கரியைத் துருத்தியின்றியே எரித்துக் காட்டியிருந்தார். அடியிலிருந்து காற்று, மேலே தொந்தரவு இல்லாமை: இவ்விரண்டுமே மறைபொருள். ஸ்டோக்கரின் தள்ளுகட்டை அத்துணை மெதுவாக நகர்வது ஏன் என்பது அப்பொழுதுதான் எனக்கு விளங்கிற்று.

ஓரங்கள் எரியாமைக்குக் காரணம், தட்டுக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று கசிந்ததே. வெப்பந்தாங்கும் சாந்தால் அவ்விடைவெளியை அடைத்தோம். மறுநாள் தட்டு முழுவதும் நீலச்சுடர் ஆடியது. இனிக் கவலையில்லை என்றிருந்தோம்.

அன்றிரவு பதினொரு மணிக்குச் சுவரிலிருந்த எச்சரிக்கைக் கருவி அலறிற்று. புகையும் இல்லை, நாற்றமும் இல்லை. ஆயினும் வீட்டினுள் கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சுவாயு கசிந்திருந்தது. முதியவரும் அவர் மனைவியாரும் போர்வையோடு வெளியே வந்து எங்கள் கதவைத் தட்டினார்கள். தீயணைப்புப் படையினர் வந்து காற்றைச் சோதித்து முடிக்கும்வரை குளிரில் வாசலில் நின்றோம். புகைக்குழாயின் வளைவில், பூச்சின் கீழே, கடுகளவு துளைகள்! கரிச்சாம்பலில் கந்தகம் உண்டு. கோடையின் ஈரம் அதனோடு சேர்ந்து அமிலமாகி இரும்பை அரித்துவிடும். பருவம் முடிந்ததும் குழாயைத் துடைக்காமல் விட்டதன் பயன் அது.

ஆற்றின் அக்கரையைச் சுட்டி, அங்கேதான் ஆவொண்டேல் சுரங்கம் இருந்தது என்றார் அவர். 1869 செப்டம்பர் 6 அன்று அதன் ஒரே வாயிலில் தீப்பிடித்தது. வேறு வழியின்றி உள்ளே 108 பேரும், மீட்கச் சென்ற இருவரும் நச்சுக்காற்றால் மாண்டனர். அடுத்த ஆண்டே சுரங்கத்துக்கு இரு வாயில் வேண்டும் என்று மாநிலம் சட்டம் செய்தது. கதவுகள் திறந்து கிடந்த தம் வீட்டைப் பார்த்தவாறு அவர் இதைச் சொன்னபொழுது, நான் ஒன்றும் பேசவில்லை.

1917-இல் அவ்வட்டாரம் ஏறத்தாழ 10 கோடி டன் ஆந்த்ரசைட்டை வெட்டியெடுத்தது. பின்னர் எண்ணெயும் எரிவாயுவும் வீடுகளைக் கைப்பற்றின. ஸ்டோக்கர் வந்தும் அதைத் தடுக்க இயலவில்லை. 1959 ஜனவரி 22 அன்று போர்ட் கிரிஃபித்தில், ஆற்றுப்படுகையை நெருங்கி முறைகேடாக வெட்டிய சுரங்கத்தின் கூரை உடைந்து ஆறே உள்ளே பாய்ந்தது. 12 பேரின் உடல்கள் கிடைக்கவேயில்லை. சுழலை அடைக்க இரயில் பெட்டிகளை ஆற்றில் உருட்டிவிட்டதைச் சிறுவனாகத் தந்தையாருடன் கரையில் நின்று கண்டாராம் முதியவர். அப்பள்ளத்தாக்கின் ஆழ்சுரங்கத் தொழில் அதனோடு ஏறக்குறைய முடிந்தது.

புதுக் குழாய் பொருத்திய பின்னர், இரண்டு எச்சரிக்கைக் கருவிகளை மாட்டி, மீண்டும் தீ மூட்டினோம். நான் புறப்படுவதற்கு முதல்நாள், பெட்டியில் கரி கொட்டிக்கொண்டிருந்தவர் ஒரு பிடியை உள்ளங்கையில் எடுத்து விரலால் அளைந்தார். நடுவே ஒன்றைப் பொறுக்கி என்னிடம் நீட்டினார். என் கண்ணுக்கு அதுவும் கரியாகவே தோன்றியது. “கல்,” என்று சொல்லி, அதைச் சாம்பல் வாளியில் எறிந்துவிட்டு மூடியைச் சாத்தினார்.