திருப்பதிக் கல்வெட்டுகளும் தொகுப்புக் கணக்கும்

திருமலையிலும் திருப்பதியிலும் கிடைத்துள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. சாது சுப்பிரமணிய சாஸ்திரி முதலியோரின் உழைப்பால் அவற்றை 1930-களில் திருமலை திருப்பதி தேவஸ்தானம் அரசர் வரிசைப்படி ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. விஜயநகரக் காலத்துக் கொடைக் கல்வெட்டு ஒன்றை எடுத்தால், கொடுத்தவர் யார், ஸ்ரீபண்டாரம் எனப்பட்ட கோயில் கருவூலத்தில் அவர் செலுத்திய நற்பணம் எவ்வளவு, அப்பணத்தால் கோயில் ஊர்களில் ஏரியும் கால்வாயும் வெட்டி மிகும் விளைச்சலைக் கொண்டு படைக்க வேண்டிய அரிசி, நெய், பயறு எவ்வளவு என்பன அதில் வரிசையாக வரும். படைத்த பிரசாதத்தில் கொடையாளிக்குச் சேரும் காற்பங்கு ‘விட்டவன் விழுக்காடு’ எனப்பட்டது.

தனித்தனியே கிடந்த இக்கொடைகளை ஒரே கணக்கில் திரட்டியவர் வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் ஆவார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 1958-இல் அளித்த ஆய்வேட்டிலும் 1960-இல் எழுதிய கட்டுரையிலும், அரசு சார்ந்தோர், கோயில் பணியாளர், உள்ளூராரும் வணிகரும் எனக் கொடையாளிகளை வகுத்து, வகை வாரியாகக் கொடைகளைக் கூட்டிக் காட்டினார். கோயில் வெறும் வழிபாட்டிடமன்று, வேளாண்மைக்கு முதலிட்ட நிறுவனமும்கூட என்பது எந்தத் தனிக் கல்வெட்டையும்விட அந்தக் கூட்டுத்தொகையில்தான் தெளிவாகத் தெரிந்தது. இத்தகைய கணக்கைக் கணினியில் போட உதவும், எட்கர் காட் 1970-இல் முன்வைத்த உறவுசார் தரவுத்தள முறையும், சேம்பர்லினும் பாய்ஸும் 1974-இல் வெளியிட்ட சீக்குவல் என்னும் வினவல் மொழியும் இதற்குப் பின்னரே வந்தன. அத்தகைய வினவல் மொழியிலுள்ள எண்ணிக்கை, கூட்டல், சராசரி, மீப்பெரியது, மீச்சிறியது என்னும் தொகுப்புச் செயற்கூறுகள், அதாவது பல வரிசைகளை வாங்கி ஒரே விடையைத் தருபவை, வகைபிரிக்கும் ‘குரூப் பை’ கட்டளையோடு சேர்ந்து இன்று செய்வதும் அதே வேலைதான்.

வகைபிரிக்காமல் கூட்டினால் விடை பொருளற்றுப் போகும், ஏனெனில் அரசு சார்ந்தோர் கொடையில் ஊர்கள் மிகுதி, மற்றவர் கொடையில் பணம் மிகுதி. ஊர்களை எண்ணலாம், பணத்தைக் கூட்டலாம், இரண்டையும் ஒரே பத்தியில் சேர்க்க இயலாது. கொடைகளின் எண்ணிக்கையும் கொடையாளிகளின் எண்ணிக்கையும் ஒன்றல்ல என்பதால், ஒரே பெயர் பலமுறை வரும்போது அதனை ஒருமுறை மட்டும் எண்ணும் ‘டிஸ்டிங்க்ட்’ என்னும் சொல்லும் வினவலில் வேண்டியிருக்கிறது. விஜயநகர அரசர் சாளுவ நரசிம்மர் காலத்தில் இராமானுஜகூடங்கள் எனப்பட்ட அன்னசாலைகளை நிர்வகித்த கந்தாடை இராமானுஜ ஐயங்கார், அரசரின் ஆதரவோடு செயல்பட்ட கோயில் பணியாளர். அவர் பெயரிலுள்ள கொடைகளை அரசு வகையில் வைப்பதா, பணியாளர் வகையில் வைப்பதா என்பதை எந்தச் செயற்கூறும் முடிவுசெய்யாது, கல்வெட்டைப் படிப்பவரே முடிவுசெய்ய வேண்டும்.