முகப்புரையில் விடுபட்ட பெயர்

ஆஸ்திரேலிய அரசமைப்புச் சட்டத்தின் முகப்புரை, கூட்டாட்சியாக இணைய உடன்பட்டவர்கள் என்று ஐந்து குடியேற்றங்களின் மக்களையே பெயர் சுட்டுகிறது. 1901 ஜனவரி 1 அன்று இணைந்தவையோ ஆறு. விடுபட்டது மேற்கு ஆஸ்திரேலியா.

அதுவரை அந்த ஆறும் பிரிட்டிஷ் முடியின் கீழ்த் தனித்தனிச் சட்டமன்றமும் தனித்தனிச் சுங்கவரியும் கொண்டிருந்தன. நியூ சவுத் வேல்சும் விக்டோரியாவும் வெவ்வேறு அகலத்தில் தண்டவாளம் இட்டிருந்தமையால், சிட்னியிலிருந்து மெல்போர்ன் செல்வோர் எல்லையூரான ஆல்பரியில் ரயில் மாற வேண்டியிருந்தது.

1890களில் மாநாடுகள் கூடிச் சட்ட வரைவை உருவாக்கின. 1898இல் அது மக்கள் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. நியூ சவுத் வேல்சில் ஆதரவு வாக்குகளே மிகுதி. எனினும் தேவைப்பட்ட 80,000ஐ அவை எட்டவில்லை. குடியேற்றங்களின் முதல்வர்கள் மீண்டும் கூடிப் பேரம் பேசினர். தலைநகரம் நியூ சவுத் வேல்சுக்குள்ளேயே அமையும், ஆனால் சிட்னியிலிருந்து 100 மைலுக்குக் குறையாத தொலைவில் இருக்கும் என்று முடிவாயிற்று. 1899இல் அக்குடியேற்றம் இசைந்தது. பிற்காலத்துக் கான்பெரா அந்தப் பேரத்தின் விளைவு.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தயக்கம் நீடித்தது. ஐந்தாண்டுகளுக்குத் தனிச் சுங்கவரி விதித்துக்கொள்ளும் சலுகையும் அதற்கெனச் சட்டத்தில் இடம்பெற்றிருந்தது. விக்டோரியா அரசி அச்சட்டத்துக்கு 1900 ஜூலை 9 அன்று ஒப்புதல் அளித்தார்; மேற்கு ஆஸ்திரேலியர் வாக்களித்ததோ ஜூலை 31 அன்று. அத்தாமதம் முகப்புரையில் நிலைத்துவிட்டது. மறுபுறம், ‘மாநிலங்கள்’ என்னும் சொல்லுக்கான வரையறையில், கடைசிவரை இணையாத நியூசிலாந்தின் பெயர் இன்றும் இருக்கிறது.

வரத் தயங்கியவர்க்கும் வராதவர்க்கும் இத்துணை இடம் வைத்த சட்டம், அம்மண்ணின் பூர்வகுடியினரை எவ்வாறு குறித்தது? அதனை வரைந்த மாநாடுகளில் அவர்களுள் ஒருவர்கூட உறுப்பினராக இல்லை. மக்கள்தொகையைக் கணக்கிடுகையில் பூர்வகுடியினரைச் சேர்த்தெண்ணலாகாது என்றது 127ஆம் பிரிவு. ‘மக்கள் உடன்பட்டனர்’ என்னும் தொடரின் எழுவாயை இப்பிரிவோடு சேர்த்தே வாசிக்க வேண்டும். ஐக்கியம் என்பது யார் யாரோடு பேசப்படுகிறது என்பதைப் பொறுத்தது. குடியேற்றங்கள் தம்முள் பேசிக்கொண்டன.

1967ஆம் ஆண்டின் பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேலானோர் இசைந்து அப்பிரிவை நீக்கினர். நீக்கப்பட்ட எண் வேறெதற்கும் வழங்கப்படவில்லை. இன்று அச்சட்டத்தில் 126ஆம் பிரிவை அடுத்து 128ஆம் பிரிவு வருகிறது.